ஆறடித் தொட்டியில் ஒரு கடத்தல்

அத்தியாயம் 6

"நூத்திப் பதினெட்டு பேர் இருந்தாங்க சார். இப்ப அறுபத்தொண்ணுதான்."

சர்வேயர் அதைச் சொன்ன விதத்தைப் பார்த்தால் நடுக்கடலில் கப்பல் கவிழ்ந்தது போலிருந்தது. துப்பறிவாளர் தன்னையறியாமல் எழுந்து நின்று ஒரு நொடி மௌனம் காத்தார். அப்புறம்தான் போனது மீன் குஞ்சுகள் என்பது நினைவுக்கு வந்தது. எழுந்ததே முதுகைச் சொறியத்தான் என்பது போலச் சொறிந்துகொண்டு உட்கார்ந்தார்.

ஊரில் அவரைப் 'பூதக்கண்ணாடி' என்பார்கள். அந்தப் பட்டப்பெயரைப் பரப்பியதே அவர்தான். சும்மா விட்டிருந்தால் மூக்கின் மேலிருந்த கனத்துக்கு 'சோடாபுட்டி' என்று நிலைத்திருக்கும். பதினோரு வருடத் தொழிலில் அவர் கண்டுபிடித்துக் கொடுத்தது இரண்டு நாய், ஒரு மாப்பிள்ளை. நாய்கள் தாமாகவே வீடு திரும்பின. மாப்பிள்ளை இன்னும் அவரைத் தேடிக்கொண்டிருக்கிறான், உதைப்பதற்கு.

"கடத்தல் கேஸ்னு சொல்லித்தானே பாஸ் கூட்டிட்டு வந்தீங்க?" என்று காதோரம் கேட்டாள் அவருடைய உதவியாளர். அவளுக்கு வாயாடி என்று பெயர். அது யாரும் பரப்பாமல் தானே சம்பாதித்துக்கொண்டது.

"கடத்தல்தாம்மா. ஆளுங்கதான் கொஞ்சம் சின்ன சைஸ்."

ஹாலின் குறுக்கே ஒரு சுவர். சுவரின் வயிற்றைத் துளைத்துக்கொண்டு ஒரு மீன் தொட்டி. இந்தப் பக்கம் மூன்றடி, அந்தப் பக்கம் மூன்றடி.

இரண்டு வருடத்துக்கு முன்னால் அண்ணன் தம்பி பாகம் பிரித்தபோது, அண்ணனான சர்வேயரே டேப்பைப் பிடித்து வீட்டை அளந்தார். ஊர் நிலத்தையெல்லாம் அளந்த கை. ஒரு விரற்கடை பிசகவில்லை. வெளிப் படிக்கட்டில் பதினாலு படி. கீழ் ஏழு அண்ணனுக்கு, மேல் ஏழு தம்பிக்கு. அன்றிலிருந்து மொட்டை மாடிக்குக் காக்காய் மட்டும்தான் போகிறது. முன்வாசல் அண்ணனுக்கு, பின்வாசல் தம்பிக்கு. தொட்டியை மட்டும் வெட்ட முடியவில்லை. ஃபில்டர் மோட்டார் அண்ணன் பக்கம், காற்றுப் பம்பு தம்பி பக்கம். இவர் தண்ணீரைச் சுத்தம் செய்ய, அவர் மூச்சு விட வைக்க. ஒன்று நின்றால் இரண்டு பக்கமும் மிதக்கும். ஆகவே தொட்டிக்குள் ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் தகடு. அதில் பென்சில் நுழையும் அளவுக்கு ஓட்டைகள். தண்ணீர் போய்வர வேண்டும் அல்லவா? பாகப் பத்திரத்தில் ஒன்பதாவது ஷரத்தே இந்த ஓட்டைகள்தான். தொட்டிக்கு மேலே, வயர் போகச் சுவரில் ஒரு கை நுழையும் இடைவெளி.

"இதுங்க சிக்லிட் சார். பூர்வீகம் மத்திய அமெரிக்கா" என்றார் சர்வேயர், தன் சம்பந்தி வீட்டை அறிமுகப்படுத்துவதுபோல. "கான்விக்ட்னு ரகம், கைதின்னு அர்த்தம். சாதா மீனுக்கு உடம்பு பூரா ஜெயில் சட்டைக் கோடு இருக்கும். என்னுது கோடே இல்லாத ரோஸ். அதோ, வயித்துல ஆரஞ்சு மினுக்குது பாருங்க, அது தாய். பக்கத்துல நெத்தி புடைச்சவன் அப்பன்."

கவிழ்த்த பூந்தொட்டிக்கு மேல் ரோஜா நிறத்தில் ஒரு தம்பதி. கீழே கூழாங்கல்லை ஒட்டி, அரிசி நொய்யை இறைத்ததுபோல ரோஸ் குஞ்சுகள். பூதக்கண்ணாடி முகத்தைக் கிட்டே கொண்டுபோனார். அப்பன் மீன் பாய்ந்து வந்து கண்ணாடியில் டொக்கென்று முட்டியது. அவர் இரண்டடி பின்னால் போய் வாயாடியின் காலை மிதித்தார்.

"கேஸ்ல முதல் சாட்சி அடிக்க வருது பாஸ்."

"பிள்ளைங்களைத் தொட்டா அப்படித்தான்" என்றார் சர்வேயர் பெருமையாக. "அப்பனும் ஆத்தாளும் மாறி மாறிக் காவல். எந்த மீன் அப்படி இருக்கு? அந்தக் காவலையும் மீறி ஐம்பத்தேழு குஞ்சு திருட்டுப் போயிருக்கு சார். திருடன் யாருன்னு எனக்குத் தெரியும். இந்தச் சுவத்துக்கு அந்தப் பக்கம் இருக்கான். வளர்க்கறது கோடு போட்ட சாதா ரகம். என் ரோஸைப் பார்த்துப் பொறாமை."

"தம்பி எப்படி சார் பார்த்தாரு? நடுவுல தகடு மறைக்குதே" என்றாள் வாயாடி.

"பொறாமைக்குப் பார்க்கணும்னு அவசியமில்லம்மா."

மேஜை மேல் நான்கு பக்கத்துக்குத் தட்டச்சு செய்த புகார் மனு இருந்தது. நேற்றே வாயால் சொல்லிப் பார்த்தாராம். இன்ஸ்பெக்டர் சிரித்துவிட்டு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டாராம்.

"இன்னைக்கு அஞ்சு மணிக்கு அவர் சீட்ல இருப்பார். உங்க ரிப்போர்ட்டும் கூட இருந்தா சிரிக்க மாட்டாரு."

"ரெண்டு தடவை சிரிப்பாரு" என்றாள் வாயாடி மெதுவாக.

"அவசரம் என்னன்னா, நாளை மறுநாள் வெள்ளிக்கிழமை. அவனுக்கு ரயில் என்ஜின் ஓட்டற வேலை வந்திருக்கு. வயசு வரம்பு முடியறதுக்குள்ள கடைசித் தடவையா எழுதி, பாஸாகி, எல்லாம் முடிஞ்சுது. போலீஸ் விசாரணை ஒண்ணுதான் பாக்கி. அதுக்குள்ள அவன் பேர்ல ஒரு திருட்டுக் கேஸ் ஏறிட்டா..." சர்வேயர் காற்றில் ஒரு கோடு இழுத்து, அதற்குக் குறுக்கே இன்னொன்று இழுத்தார். "அவ்வளவுதான். என் குஞ்சைத் திருடினவன் ரயில் ஓட்டக் கூடாது சார்."

சமையலறை வாசலில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதின. சர்வேயரின் மனைவி டீத் தட்டோடு நின்றிருந்தாள். கொண்டுவந்து வைத்துவிட்டு, யார் முகத்தையும் பார்க்காமல் போனாள். தட்டில் பாதி டீ இருந்தது.

பூதக்கண்ணாடிக்கு டீ இறங்கவில்லை. இருபத்தைந்து வருடம் முன்னால் அவரும் ஒரு போலீஸ் வேலைக்கு மனுப் போட்டவர்தான். கண் பரிசோதனையில் கடைசி வரி எதுவென்று கேட்டார்கள். இவர் சுவர் எதுவென்று கேட்டார்.

"ஆதாரம் என்ன வச்சிருக்கீங்க?"

சர்வேயர் போனை நீட்டினார். நேற்று விடியற்காலை தொட்டிக்கு எதிரே நிற்க வைத்துப் பதிவு செய்த படம். ஐந்து நாற்பதுக்கு, சுவரின் மேலிருந்த இடைவெளி வழியாக ஒரு கை வந்தது. முழங்கை வரை மஞ்சள் ரப்பர் உறை. விரல்களில் ஒரு மெல்லிய பிளாஸ்டிக் குழாய். குழாயின் நுனியைத் தண்ணீரில் விட்டு, ஒரு நிமிடம் அசையாமல் பிடித்திருந்தது. பிறகு வந்த வழியே போனது.

"உறிஞ்சறான் பாருங்க! என் பொண்டாட்டி வாக்கிங் போயிருந்தா. சுகருக்கு டாக்டர் நடக்கச் சொல்லியிருக்காரு. நான் குளிச்சுட்டு இருந்தேன். சரியா ஆளில்லாத நேரம். கைரேகை விழக் கூடாதுன்னு உறை வேற!"

"தண்ணிக்குள்ள எப்படி சார் கைரேகை விழும்?" என்றாள் வாயாடி.

"இன்னொரு தடவை போடுங்க" என்றார் பூதக்கண்ணாடி. போனை மூக்குக் கண்ணாடியில் ஒட்டிப் பார்த்தார். "குழாய் நுனியில என்ன அது, முத்து மாதிரி?"

"குமிழி பாஸ்."

"குடிக்கற ஸ்ட்ராவுல உறிஞ்சினா டம்ளர்ல குமிழி வருமா?"

"வராது. ஊதினாத்தான் வரும். எங்கம்மாகிட்ட அதுக்கு நிறைய அடி வாங்கியிருக்கேன்."

சர்வேயர் பேச்சை மாற்றுவது போல ஒரு பெரிய வரைபடத் தாளை விரித்தார். கட்டம் கட்டமாகப் பட்டியல். காலை ஏழு மணி, இரவு ஒன்பது மணி, வானிலை, குறிப்பு. தொட்டிக் கண்ணாடியின் மேலேயே பேனாவால் சதுரம் போட்டு, படம் எடுத்து, சதுரம் சதுரமாக எண்ணுகிறாராம். நடுவில் சந்தேகம் வந்தால் டார்ச் அடித்துத் திடீர்ச் சோதனை.

"ஒரு நாளைக்கு எத்தனை தடவை சந்தேகம் வரும்?"

"பத்து, பன்னெண்டு."

பூதக்கண்ணாடி தாளின் மேல் குப்புறப் படுக்காத குறையாகக் குனிந்தார். ஒரு இரவு தொண்ணூற்றேழு. மறுநாள் காலை நூற்றொன்பது என்று எழுதி, அதைச் சிவப்பு மையில் அடித்து, மேலே தொண்ணூற்றேழு. அடுத்த இரவு தொண்ணூறு. காலையில் நூற்று நாலு, அடித்து, தொண்ணூறு. பதினோரு நாள் பட்டியலில் ஒன்பது காலைகளில் சிவப்பு மை.

"இதென்ன, காலையில கூடியிருக்கே?"

"எண்ணும்போது வர்ற பிழை. குஞ்சு குறையும், கூடாது. கூடினா எண்ணினவன் மேல தப்பு. இருபத்தெட்டு வருஷ சர்வீஸ் சார். நிலம் ஒரு ராத்திரியில வளர்ந்து நான் பார்த்ததில்லை. அதான் திருத்திட்டேன்."

"திருடன் வந்துட்டுப் போனா கூடுது. நீங்க எண்ணினா குறையுது" என்றாள் வாயாடி. "எனக்குத் திருடனைத்தான் சார் பிடிச்சிருக்கு."

அதற்கு மேல் அங்கே இருந்தால் வாடிக்கையாளர் கை நழுவிவிடும் என்று பூதக்கண்ணாடி அவளை இழுத்துக்கொண்டு கிளம்பினார். பட்டியலை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

சுவரின் கனம் ஒன்பது அங்குலம். அதைத் தாண்ட இருவரும் பன்னிரண்டு நிமிடம் நடந்தார்கள். முன்வாசல் தெரு முடிய நடந்து, போலீஸ் ஸ்டேஷன் இருக்கும் முக்கில் திரும்பி, ஒரு தையல் கடை, ஒரு பல் டாக்டர், காலி மனையில் மேயும் இரண்டு ஆடு எல்லாவற்றையும் கடந்து பின் சந்துக்குள் நுழைந்தார்கள்.

தம்பி கதவைத் திறந்தார். தண்ணீர் லாரி ஓட்டுபவர். மத்தியானச் சவாரி முடிந்து அப்போதுதான் வந்திருந்தார் போல, சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அண்ணன் அனுப்பின ஆளா? வாங்க. பார்த்து, அந்த ஸ்டூல்ல ஒரு கால் ஆடும்."

தனி ஆள் குடித்தனம். பாத்திரத் தொட்டியில் மூன்று நாள் தட்டுகள் அடுக்காக இருந்தன. அதற்கு மேலே கொடியில் ஒரே ஒரு மஞ்சள் ரப்பர் உறை, கிளிப் போட்டு, விரல் விரலாக நீவிவிட்டு உலர்த்தப்பட்டிருந்தது. வாயாடி அதைப் பார்த்தாள். தட்டுகளைப் பார்த்தாள். பூதக்கண்ணாடியைப் பார்த்துப் புருவத்தை உயர்த்தினாள்.

அவர் தொட்டியைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டிருந்தார்.

இந்தப் பக்கத்துத் தம்பதி உடம்பெல்லாம் கறுப்புக் கோடு. அவர்களைச் சுற்றிச் சாம்பல் நிறக் குஞ்சுகள் ஒரு மேகமாக. மேகத்தின் ஓரம் முழுக்க, சேலைக்கு ஜரிகை வைத்தது போல, ரோஸ் குஞ்சுகள்.

"முப்பத்தொண்ணு" என்றாள் வாயாடி, இரண்டு தரம் எண்ணிவிட்டு.

"நான் எடுக்கலை சார்" என்றார் தம்பி. "அதுவா வருது. அங்க நிமிஷத்துக்கு ஒரு தடவை டார்ச் அடிக்கறாரு. பெத்ததுங்க மிரண்டு அங்கயும் இங்கயும் ஓடுது. குஞ்சு என்ன பண்ணும்? ஓட்டையைப் பார்த்து வந்துடுது. பாருங்க, பாருங்க, இப்ப ஒண்ணு!"

வெள்ளைத் தகட்டின் ஓட்டையிலிருந்து ஒரு ரோஸ் துளி வெளியே வந்து, திருவிழாவில் தொலைந்த பிள்ளைபோல நின்றது. கோடு போட்ட தாய் விருட்டென்று பாய்ந்தது. வாயைத் திறந்தது. துளியைக் காணோம்.

"ஐயோ, தின்னுடுச்சு!" என்று பூதக்கண்ணாடி அலறினார்.

தாய் நிதானமாகத் திரும்பி வந்து, மேகத்தின் ஓரத்தில், பூவென்று துப்பியது. ரோஸ் துளி உடம்பை உதறிக்கொண்டு மற்றவற்றோடு மேய ஆரம்பித்தது.



"கண்ணு முன்னாடி பிள்ளை கடத்தல்" என்றாள் வாயாடி. "ஜெயில் சட்டையையும் அதுவே மாட்டிக்கிட்டு வந்திருக்கு. பாஸ், உங்க வாழ்க்கையில முதல் தடவையா குற்றவாளியைக் கையும் களவுமா பிடிச்சிருக்கீங்க."

"என்ன மனசும்மா அதுக்கு!" என்றார் பூதக்கண்ணாடி. அவருக்குக் கண்ணாடி கொஞ்சம் மங்கியிருந்தது. "ஊரான் பிள்ளையைத் தன் பிள்ளையாட்டம்..."

"மனசும் இல்லை, மண்ணும் இல்லை சார்" என்றார் தம்பி. "தன் குஞ்சை நடுவுல வச்சிருக்கு, வந்ததை ஓரத்துல நிறுத்தியிருக்கு பாருங்க. எவனாவது தின்ன வந்தா ஓரத்துலதானே முதல்ல கடிப்பான்? தன்னோடதை விட நாலு நாள் சின்னதா இருந்தாத்தான் சேர்க்கும். பெருசா இருந்தா அடிச்சுத் துரத்திடும். வேற எந்த மீனையும் இங்க விட்டதில்லை, ஆனா பழக்கம் விடுமா?"

பூதக்கண்ணாடி கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். இளகிய இடத்தில் குட்டு வாங்குவது அவருக்குப் புதிதல்ல.

"அப்ப விடியற்காலையில குழாய் வழியா குஞ்சைத் திரும்ப அனுப்பறது?"

தம்பி ஒரு கணம் தயங்கினார். "நான்தான். கப்புல பிடிச்சு, குழாய் வச்சு அந்தப் பக்கம் விட்டுடுவேன். அவர் குஞ்சு என் பக்கம் நின்னா அதுக்கு வேற ஒரு கேஸ் போடுவாரு."

"உறை எதுக்கு?"

"தாய் கடிக்கும்."

"தினமுமா?"

"தினமும்."

"அஞ்சு நாற்பதுக்கு?"

"ஆமா சார். நான்தான்னு எழுதிக்கோங்க."

"எழுதினா உங்க ரயில் வேலை போயிடும்ணே" என்றாள் வாயாடி. அவள் குரலில் முதன்முறையாக விளையாட்டு இல்லை.

தம்பி தொட்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "போனா போகட்டும்மா. லாரி இருக்கு."

பூதக்கண்ணாடியின் பார்வை கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்கிய அட்டைக்குப் போனது. லாரி நடை நேரம். முதல் நடை, காலை நாலரை. அவர் அதன் மேல் மூக்கை வைத்துப் படித்தார்.

"லீவு போட்டதுண்டா?"

"ஒரு நாள் கிடையாது. விசாரணையில கேப்பாங்கன்னு கம்பெனியில எழுதியே வாங்கியிருக்கேன்."

"மழை பெய்ஞ்சா?"

"மழைக்கு லாரி நிக்குமா சார்? நல்லாக் கேட்டீங்க."

"நல்லாத்தான் கேட்டேன்" என்றார் பூதக்கண்ணாடி.

திரும்பி நடக்கும்போது தையல் கடை வரை வாயாடி பொறுத்துக்கொண்டாள். அதற்கு மேல் முடியவில்லை.

"நாலரைக்கு லாரியில இருக்கறவர் கை அஞ்சு நாற்பதுக்குத் தொட்டியில எப்படி இருக்கும் பாஸ்? பொய் சொல்றாரு. அந்த வீட்டுல தட்டைக் கழுவக் கையுறை மாட்டற ஆளுமில்லை. தட்டையே கழுவற ஆளில்லை. வேற யாரோ வந்து போறாங்க."

பூதக்கண்ணாடி நின்றார். பட்டியலை எடுத்து, தையல்காரரின் மேஜை மேலேயே விரித்தார். தையல்காரர் அதையும் அளவு என்று நினைத்து டேப்பை எடுத்தார்.

"பதினோரு நாள். ஒன்பது காலையில சிவப்பு மை. குஞ்சு கூடியிருக்கு, சர்வேயர் அடிச்சுட்டாரு. தம்பிகிட்ட முப்பத்தொண்ணு போக மீதி இருபத்தாறும் அண்ணன் பக்கமேதான் இருக்கு, கணக்குலதான் இல்லை. ரெண்டு காலையில கூடலை. அந்த ரெண்டு நாளும் வானிலைக் கட்டத்துல என்ன எழுதியிருக்கு, படி."

வாயாடி விரலை ஓட்டினாள். "மழை. அப்புறம்... இதுவும் மழை."

"தம்பி மழையிலயும் லாரி ஓட்டறவர். மழை பெய்ஞ்சா வெளியில போகாதவங்க யாரு? தினமும் விடியற்காலையில வெளியில போயாக வேண்டியவங்க யாரு? டாக்டரே சொல்லி அனுப்பறாரு!"

வாயாடி வாயைத் திறந்தாள். மூடினாள். பதினோரு வருடத்தில் பூதக்கண்ணாடிக்குக் கிடைத்த மிகப் பெரிய பாராட்டு அது.

ஆனால் அந்தச் சந்தோஷம் ஸ்டேஷன் முக்கு வரைக்கும்கூட வரவில்லை. இப்போது அவரிடம் இரண்டு பெயர் இருந்தது. ஒன்றை எழுதினால் ஒருவனுடைய வேலை போகும். இன்னொன்றை எழுதினால், வாக்கிங் போகிறேன் என்று கொழுந்தன் வீட்டுக்குப் போய்வந்த ஒரு பெண் தன் வீட்டில் தலைநிமிர முடியாது. இரண்டு வருடமாக அந்த வாசலை மிதிக்க மாட்டேன், மிதிக்கவும் விடமாட்டேன் என்று சபதம் போட்ட மனிதர் சர்வேயர். நாய் கேஸே தேவலை. நாய்க்குக் குடும்பம் கிடையாது.

"மீன்தான் கடத்தினதுன்னு மட்டும் எழுதிடுவோம் பாஸ்."

"கேப்பாரும்மா. கை யாருதுன்னு கேப்பாரு."

கேட்டார். நாலு நாற்பதுக்கு, புகார் மனுவைத் தோல் பைக்குள் வைத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு நின்றபடி, மீன் பிள்ளை பிடித்த கதை முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சர்வேயர் கேட்டார்.

"சரி. அவன் மீன் திருடுச்சு. மீன் திருடினா வளர்த்தவன்தானே பொறுப்பு? அதை விடுங்க. என் எல்லைக்குள்ள அத்துமீறி ஒரு கை வந்துச்சா, இல்லையா? வந்துச்சு. அது யார் கை? அதை எழுதிக் கையெழுத்துப் போடுங்க. நான் அஞ்சு மணிக்கு அங்க இருக்கணும்."

பூதக்கண்ணாடி பேனாவைத் திறந்தார். மூடினார். பேனாவில் மையில்லை என்றார். சர்வேயர் தன் பேனாவைக் கொடுத்தார். அந்தப் பேனா தன் கைக்கு ஒத்துவராது என்றார்.

"அவன்தானே? என் தம்பிதானே? சொல்லுங்க சார்!"

"நான் சொல்றேன்."

சர்வேயரின் மனைவி சமையலறையிலிருந்து வந்தாள். புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து, வலது கையைக் கணவரின் முகத்துக்கு நேரே நீட்டினாள். கட்டை விரலுக்குக் கீழே அரிசி அரிசியாக மூன்று சின்னக் கடிக் காயங்கள்.

"இதான் அந்தக் கை. உறை வாங்கறதுக்கு முன்னாடி கடிச்சது. குழம்புல எண்ணெய் தெறிச்சுதுன்னு சொன்னேனே, நீங்ககூட நிமிர்ந்து பார்க்காம உம்னீங்களே, அது."

சர்வேயரின் வாய் அந்த ரோஸ் மீனின் வாய் போலத் திறந்து மூடியது.

"நீ... அந்த வீட்டுக்குப் போனியா?"

"தினமும்."

"எப்படி?"

"நடந்துதான். டாக்டர் நடக்கத்தானே சொன்னாரு? சாவி மீட்டர் பெட்டிக்குள்ள இருக்கும்."

"எதுக்கு?"

"எதுக்கா?" அவள் குரல் உடைந்து, உடைந்த வேகத்திலேயே உயர்ந்தது. "குஞ்சு குறைஞ்சா நீங்க போலீஸுக்குப் போவீங்க. சரி, குறையாம பார்த்துக்குவோம்னு தினம் விடியறதுக்குள்ள எழுந்து போய்ப் பிடிச்சுப் பிடிச்சு விட்டேன். கூடினா நீங்க அடிச்சு எழுதிடறீங்க! நான் என்னதான் பண்றது? நான் இந்த வீட்டுக்கு வந்தப்ப அவனுக்கு ஒன்பது வயசு. கணக்கு வராம அழுவான். நீங்க சொல்லிக் கொடுத்தா இன்னும் அழுவான். இப்பதான் ஒரு பரீட்சை பாஸ் பண்ணியிருக்கான். எழுதுங்க. புகார்ல என் பேரை எழுதுங்க. உறவு முறைன்னு ஒரு கட்டம் இருக்குமே, அதுல மனைவின்னு மறக்காம எழுதுங்க."



"அவர் நான்தான்னு எழுதிக்கச் சொன்னாருங்க" என்றார் பூதக்கண்ணாடி. சொல்ல வேண்டும் என்று நினைக்கவில்லை, வாய் சொல்லிவிட்டது. "உங்க தம்பி. வேலை போயிடும்னு சொன்னோம். போனா போகட்டும்னாரு. இவங்க பேர் வெளியில வரக் கூடாதுன்னு."

சர்வேயர் யாரையும் பார்க்கவில்லை. தோல் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, செருப்பைத் தேடி இடது வலது மாற்றிப் போட்டு, மறுபடி சரியாகப் போட்டு, வாசலில் இறங்கி நடந்தார். நாலு ஐம்பது.

"போயிட்டாரு பாஸ்! ஸ்டேஷனுக்குத்தான்!"

வாயாடி ஓடினாள். பூதக்கண்ணாடியும் ஓடினார், அதாவது அவர் அளவுக்கு. பின்னால் சர்வேயரின் மனைவி அடுப்பைக்கூட அணைக்க மறந்து வந்தாள். அப்புறம் நினைவு வந்து திரும்பிப் போய் அணைத்துவிட்டு வந்தாள்.

முக்கில் போலீஸ் ஸ்டேஷன் வாசலில் இன்ஸ்பெக்டரே நின்றுகொண்டிருந்தார். சர்வேயரைப் பார்த்ததும் நேற்றைய சிரிப்பின் மிச்சத்தை எடுத்துச் சிரித்தார்.

"என்ன சார், மீன் கிடைச்சுதா?"

சர்வேயர் நின்றார். தோல் பையைத் திறந்தார். வாயாடி பூதக்கண்ணாடியின் சட்டையைப் பிடித்து முறுக்கினாள். ஒரு பொத்தான் தெறித்துவிட்டது. சர்வேயர் பைக்குள் எதையோ தேடினார், கைக்குட்டையை எடுத்தார், முகத்தை நெற்றியிலிருந்து கழுத்து வரை துடைத்தார், பையை மூடினார்.

"அந்தப் பக்கம் இருக்காம்" என்றார். "பார்க்கத்தான் போறேன்."

தையல் கடை, பல் டாக்டர், ஆடுகள். இரண்டு வருடத்தில் சுற்றி வராத வழியை அவர் அளப்பதுபோல ஒரே அடி வைத்து நடந்தார். மற்ற மூவரும் இருபதடி தள்ளி, துப்பறிவாளர்கள் பின்தொடர்வதுபோல அல்லாமல், கல்யாணத்துக்குப் போகிறவர்கள்போல இரைந்து மூச்சு வாங்கிக்கொண்டு பின்னால் போனார்கள்.

பின்கதவைத் தட்டினார். தம்பி திறந்தார். கையில் பாதி கழுவிய தட்டு.

இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தட்டிலிருந்து சோப்பு நுரை தம்பியின் கால் மேல் சொட்டியது. அவர் கவனிக்கவில்லை.

"வெள்ளிக்கிழமை போலீஸ்காரன் விசாரிக்க வருவான்" என்றார் சர்வேயர், கதவு நிலையைப் பார்த்து. "அக்கம்பக்கத்துல கேப்பான், ஆள் எப்படின்னு. பத்திரப்படி பக்கத்து வீட்டுக்காரன் நான்தான்."

"ஆமாண்ணே."

"என்ன சொல்லணும்?"

தம்பி தட்டை மறு கைக்கு மாற்றினார். "உங்களுக்கு என்னைப் பத்தித் தெரிஞ்சதைச் சொல்லுங்க."

"எனக்குத் தெரிஞ்சதைச் சொன்னா வேலை கிடைக்காது." சர்வேயர் செருப்பைக் கழற்றி வாசலில் ஒழுங்காக ஒதுக்கி வைத்தார். "வேற ஏதாவது யோசி. உக்காந்து யோசிப்போம். தள்ளு."